விழா நிகழ்படப் பதிவு: தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

விழா நிகழ்படப் பதிவு என்பது திருமணம், கோயில் கொடை, தேரோட்டம், பொதுக்கூட்டம், பள்ளி ஆண்டுவிழா போன்ற சிறப்பு நிகழ்வுகளை அவை நடக்கும்போதே ஒளியோடும் ஒலியோடும் பதிவு செய்யும் முறையாகும். பேச்சு வழக்கில் இது 'வீடியோ எடுத்தல்' எனப்படுகிறது. திரைப்படப் படப்பிடிப்பில் ஒரு காட்சி சரியாக அமையாவிட்டால் மறுபடியும் எடுக்கலாம். தாலி கட்டும் நொடியையோ, தேர் நிலையத்தை வந்தடையும் நொடியையோ மறுபடியும் நடத்தச் சொல்ல முடியாது. இத்தொழிலின் நுட்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறந்தவை.

கடந்த 130 ஆண்டுகளில் படக்கருவிகள் பலமுறை மாறியுள்ளன. கையால் சுழற்றிய மரப்பெட்டி போய், தோளில் சுமந்த வீடியோ கேமரா வந்து, இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கைபேசியாகிவிட்டது. ஆனால் எந்தக் காலத்திலும் நல்ல பதிவைத் தந்தவர், நிகழ்வின் வரிசையை முன்கூட்டியே அறிந்து சரியான இடத்தில் காத்திருந்தவரே. எடுத்ததைப் பாதுகாக்கத் தவறியதால் அழிந்துபோன பதிவுகளும் ஏராளம். இவ்விரண்டு செய்திகளையும் உலக வரலாற்றோடும், சீவலப்பேரியை உள்ளடக்கிய தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் விழாக்களோடும் பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

சீவலப்பேரியும் அதன் விழாச் சூழலும்

சீவலப்பேரி, திருநெல்வேலி மாவட்டத்தில் பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊராகும். குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு இவ்வூரை ஒட்டித் தாமிரபரணியில் கலக்கிறது. முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தின் களமான முக்கூடல் இப்பகுதியே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இங்குள்ள துர்க்கையம்மன் கோயிலும் சுடலைமாடன் கோயிலும் தென் மாவட்டங்களில் நன்கு அறியப்பட்டவை. 1994-இல் நெப்போலியன் நடித்து வெளிவந்த 'சீவலப்பேரி பாண்டி' திரைப்படத்தால் இவ்வூரின் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது.

திரைப்படத்தில் வரும் சீவலப்பேரி, ஒரு கதைக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட ஊர். ஆற்றங்கரைக் கோயில்களின் கொடை, குலதெய்வ வழிபாடு, காதுகுத்து, ஆடிப்பெருக்கு, புரட்டாசிச் சனிக்கிழமை என ஆண்டு முழுவதும் இப்பகுதியில் நடக்கும் உண்மையான விழாக்களைப் பதிவு செய்தவர்கள் உள்ளூர் ஸ்டூடியோக்காரர்களே. இவர்களின் பெயர்கள் திரைப்பட வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு வட்டாரத்தின் பண்பாட்டு வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இவர்களின் கேசட்டுகள் முதன்மைச் சான்றுகளாகும்.

தொடக்ககால நிகழ்வுப் படங்கள்

சினிமா பிறந்தபோது அது கதை சொல்லவில்லை, நிகழ்வுகளையே காட்டியது. பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணக் காட்சி நடத்தினர். அவர்களின் கருவியில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 17 மீட்டர் படச்சுருள் மட்டுமே பொருந்தும். அது 50 நொடி அளவுக்கே ஓடும். எனவே எந்த 50 நொடியைப் பிடிப்பது என்று தீர்மானிப்பதே அன்றைய ஒளிப்பதிவாளரின் முதல் திறமையாக இருந்தது.

1896 மே மாதம் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலசின் முடிசூட்டு விழா மாஸ்கோவில் நடந்தபோது லூமியேர் நிறுவன ஒளிப்பதிவாளர்கள் அதைப் படம்பிடித்தனர். சில நாள்களில் அவ்விழாவை ஒட்டிக் கோதின்கா திடலில் மக்கள் நெரிசலில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்காட்சியையும் தாங்கள் பதிவு செய்ததாகவும், அதிகாரிகள் கருவியைப் பறிமுதல் செய்துவிட்டதாகவும் ஒளிப்பதிவாளர் பிரான்சிஸ் டூப்ளியே பிற்காலத்தில் கூறினார். விழாவைப் படம்பிடிக்கச் சென்றவர் எதிர்பாராத துயரத்துக்குச் சாட்சியாகிவிடுவது இத்துறையின் தொடக்கத்திலேயே நிகழ்ந்திருக்கிறது.

இந்தியாவில் லூமியேர் படங்கள் 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் விடுதியில் திரையிடப்பட்டன. அவற்றைக் கண்டு ஆர்வம் கொண்ட ஒளிப்படக் கலைஞர் ஹரிஷ்சந்திர சகாராம் படவடேகர் இங்கிலாந்திலிருந்து கருவி ஒன்றை வரவழைத்தார். 1899-இல் பம்பாய் தொங்கும் தோட்டத்தில் நடந்த ஒரு மல்யுத்தப் போட்டியை அவர் படமாக்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் உயர் சிறப்புப் பெற்று 1901 இறுதியில் நாடு திரும்பிய ஆர். பி. பராஞ்சபேவுக்கு அளிக்கப்பட்ட வரவேற்பையும், 1903 டெல்லி தர்பாரையும் அவர் பதிவு செய்தார். இந்தியாவின் முதல் திரைப்படக் கலைஞராகப் போற்றப்படும் படவடேகரை, இன்றைய வழக்கில் ஒரு 'விழா வீடியோகிராபர்' என்றும் சொல்லலாம்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக 1911 டிசம்பர் 12 அன்று நடந்த டெல்லி தர்பாரை சார்லஸ் அர்பனின் குழு 'கினிமாகலர்' என்ற முறையில் வண்ணத்தில் படமாக்கி, அடுத்த ஆண்டு லண்டனில் காட்டியது. யானைகள், அம்பாரிகள், பட்டு உடைகள் என வண்ணம் நிறைந்த விழாவாக இருந்ததே அம்முறையின் வெற்றிக்குப் பெருங்காரணமாயிற்று. நிகழ்வுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

ஏ. கே. செட்டியாரும் காந்திப் படமும்

நிகழ்வுப் பதிவுகளின் மதிப்பை ஆழமாக உணர்ந்த தமிழர் ஏ. கே. செட்டியார் (1911–1983). கோட்டையூரைச் சேர்ந்த இவர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 'குமரி மலர்' இதழின் ஆசிரியர். 1937 அக்டோபரில் கப்பல் பயணம் ஒன்றின்போது, காந்தியடிகளைப் பற்றி முழுமையான ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இவருக்குத் தோன்றியது.

செட்டியார் சந்தித்த சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது. அவர் காட்ட விரும்பிய நிகழ்வுகள் பெரும்பாலும் முன்பே நடந்து முடிந்தவை. தண்டி யாத்திரையை மறுபடியும் நடத்தச் சொல்ல முடியாது. எனவே அந்தந்த நாளில் அங்கிருந்த ஒளிப்பதிவாளர்கள் எடுத்த துண்டுப் படங்களைத் தேடி இந்தியா, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா எனப் பல நாடுகளுக்கு அலைந்தார். செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளிலும் தனியாரிடமும் கிடைத்தவற்றைத் திரட்டித் தொகுத்த படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது. பின்னர் 1953-இல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் உருவானது.

இத்தனை பாடுபட்டு உருவான படமும் நீண்ட காலம் காணக் கிடைக்கவில்லை. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் தேடியபின் அதன் ஆங்கில வடிவத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறிந்தார். காந்தியடிகளைப் பற்றிய படத்துக்கே இந்நிலை என்றால், ஒரு கிராமத்துக் கொடைவிழாவின் கேசட் எத்தனை எளிதில் மறையும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வீடியோ வீட்டுக்குள் வந்த காலம்

செட்டியார் காலத்தில் படச்சுருள் விலை உயர்ந்த பொருள். 1923-இல் கோடாக் நிறுவனத்தின் 16 மி.மீ. கேமராவும், 1932-இல் 8 மி.மீ. சுருளும், 1965-இல் சூப்பர் 8 முறையும் வந்து, வசதி படைத்தோர் தம் வீட்டு விழாக்களைப் பதிவு செய்ய வழி பிறந்தது. ஒரு சூப்பர் 8 சுருள் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதைக் கழுவி எடுத்த பிறகே படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரியும்.

காந்த நாடா இந்நிலையை மாற்றியது. ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். கேசட் முறை 1976-இல் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் கேமரா தனியாகவும் பதிவுக் கருவி தனியாகவும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் கம்பியோடு ஒளிப்பதிவாளர் நடமாட வேண்டியிருந்தது. 1983-இல் சோனி நிறுவனம் இரண்டையும் ஒன்றாக்கிய 'கேம்கார்டர்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன்பின் வி.சி.ஆர்., வி.சி.பி. கருவிகள் நகரங்களில் வாடகைக்குக் கிடைத்தன. திருமண வீடியோ என்ற தொழில் இச்சூழலில்தான் தமிழக ஊர்களில் வேரூன்றியது.

அக்காலத் திருமண வீடியோவின் அடையாளம், கேமராக்காரருக்குப் பக்கத்தில் நீண்ட வயரோடு வீடியோ விளக்கை உயர்த்திப் பிடித்து நின்ற 'லைட் பாய்'. அன்றைய கேமராக்களின் ஒளியுணர்திறன் குறைவு. மண்டபத்தின் குழல்விளக்கு வெளிச்சம் அவற்றுக்குப் போதாது. எனவே ஆலசன் விளக்கைப் பாய்ச்சினர். அதன் வெப்பத்தில் மணமக்களின் முகம் வியர்த்தது. விருந்தினர் கண்ணைச் சுருக்கினர். முகம் வெளுத்துப் பின்புறம் இருண்டது. சற்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கை நேராக முகத்தில் பாய்ச்சாமல், வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்புமாறு பிடித்தனர். நிழலின் கடுமை அதனால் குறைந்தது. இன்றும் சிறிய எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துவோர் பின்பற்றும் முறை இதுவே.

மூன்று மணி நேரம் ஓடும் கேசட் கையில் இருந்ததால் எதையும் விடாமல் எடுக்கும் வழக்கம் தோன்றியது. பந்தியில் அமர்ந்த ஒவ்வொருவர் முகத்தையும் இலை முதல் இலை வரை வரிசையாகக் காட்டுவது இதன் விளைவு. பார்ப்பவர்க்குச் சலிப்பூட்டும் என்று இதைக் குறைகூறுவர். ஆயினும் 30 ஆண்டுகள் கழித்து அதே பந்திக் காட்சியில்தான், வேறு எங்கும் படமே இல்லாத ஒரு பாட்டியின் முகத்தைக் குடும்பத்தார் காண்கின்றனர்.

'மிக்ஸிங்' எனப்பட்ட தொகுப்பு வேலை இரண்டு பதிவுக் கருவிகளை இணைத்து நடந்தது. இதயவடிவச் சட்டங்கள், பூ விரிவது போன்ற காட்சி மாற்றங்கள், பின்னணியில் திரைப்படப் பாடல்கள் ஆகியவை சேர்க்கப்பட்டன. இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒவ்வொரு நகல் எடுக்கும்போதும் காந்த நாடாவில் படத்தின் தெளிவு குறைந்தது. மேலும், திரைப்பாடலைச் சேர்த்தபோது நாதசுரமும், மந்திர ஒலியும், பெரியவர்களின் வாழ்த்துகளும் அழிந்தன. 1990-களின் நடுவில் வந்த டி.வி. என்னும் எண்ணிமக் கேசட் முறை முதற்குறையைப் போக்கியது. இரண்டாம் குறை கருவியால் வந்ததன்று. எனவே அது இன்றும் தொடர்கிறது.

கொடைவிழாவைப் பதிவு செய்தல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நாட்டார் தெய்வங்களுக்கு எடுக்கப்படும் விழா 'கொடை' எனப்படும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்குக் கொடை நடைபெறும். கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை எனப் பல கட்டங்கள் இதில் உண்டு. வில்லுப்பாட்டு, கணியான் ஆட்டம், நையாண்டி மேளம் ஆகியவை உடன் நடைபெறும். வீடியோ எடுப்பவர்க்கு இது மிகக் கடினமான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

முதற்சிக்கல் வரிசை. சாமக்கொடையில் மேளத்தின் வேகம் கூடக்கூடச் சாமியாடிக்கு அருள் வரும். அந்த நொடி எப்போது வரும் என்று கடிகாரம் சொல்லாது, மேளந்தான் சொல்லும். வில்லுப்பாட்டில் தெய்வத்தின் கதை குறிப்பிட்ட கட்டத்தை அடையும்போது சாமியாட்டம் தொடங்குவதும் உண்டு. கதை தெரிந்த ஒளிப்பதிவாளர் அதற்குமுன் கேமராவைப் புலவரிடமிருந்து சாமியாடியின் பக்கம் திருப்பிவிடுவார். கதை தெரியாதவர் ஆட்டம் தொடங்கிய பிறகு கூட்டத்தின் முதுகைத்தான் படமெடுப்பார்.

இரண்டாம் சிக்கல் ஒளி. நள்ளிரவில் தீப்பந்தத்தின் மஞ்சள் ஒளியும், சீரியல் விளக்குகளின் பலநிற ஒளியும், குழல்விளக்கின் வெண்ணிற ஒளியும் கலந்திருக்கும். கேமராவின் தானியங்கி அமைப்பு இவற்றுக்கிடையே தடுமாறி நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். வெண்சமநிலையையும் ஒளியளவையும் கையால் நிலைப்படுத்திக்கொண்டால் இக்குறை தீரும். தீப்பந்தத்தின் சுடர் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியளவைக் குறைத்து வைத்தால், சுடர் பட்ட முகம் இயல்பாகத் தெரியும். பெரிய விளக்கைப் பாய்ச்சினால் இரவின் தோற்றமே போய்விடும். சாமியாடுபவர்க்கும் அது இடையூறாகும்.

மூன்றாம் சிக்கல் ஒலி. கொடையில் குழாய் ஒலிபெருக்கிகள் முழங்கும். கேமராவிலுள்ள சிறிய ஒலிவாங்கி அந்த இரைச்சலில் வெடித்த ஒலியையே பதியும். வில்லுப்பாட்டுக் குழுவில் வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என ஒவ்வொரு கருவிக்கும் தனி ஓசை உண்டு. பின்பாட்டுக்காரர்கள் வலத்திலும் இடத்திலும் பிரிந்து அமர்ந்து பாடுவர். ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து விலகி, குழுவுக்கு முன்னால் தனி ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஒலியளவைச் சற்றுக் குறைத்துப் பதிவு செய்தால் இவை பிரிந்து கேட்கும். கணியான் ஆட்டத்தின் மகுடத்துக்கும் இது பொருந்தும்.

நான்காவது, இசைவு பற்றியது. சுடலைமாடன் கொடையில் சாமி மயானத்துக்கு வேட்டைக்குப் போகும் சடங்கு உண்டு. அதைப் பிறர் பின்தொடரலாமா, பார்க்கலாமா என்பதில் கோயிலுக்குக் கோயில் கட்டுப்பாடுகள் வேறுபடும். கோயில் தர்மகர்த்தாவிடமும், சாமியாடும் குடும்பத்தாரிடமும் முன்கூட்டியே கேட்டு, எங்கே கேமராவை அணைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது ஒளிப்பதிவாளரின் கடமையாகும். எடுக்காமல் விட வேண்டியதை அறிவதும் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே. அருள் வந்த நிலையில் எடுத்த காட்சியைச் சிரிப்புக்குரிய துணுக்காக இணையத்தில் பரப்புவது, ஊரார் வைத்த நம்பிக்கையை முறிக்கும் செயலாகும். ஒருமுறை அப்படி நேர்ந்தால், அடுத்த ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் வந்து கேட்டாலும் இசைவு கிடைப்பது கடினம்.

நாட்டார் கலைகளை ஆய்வு நோக்கில் பதிவு செய்யும் மரபும் இவ்வட்டாரத்துக்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்டார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இத்தகைய ஆய்வுகளுக்கு அறியப்பட்ட நிறுவனமாகும். ஆய்வாளரின் பதிவுக்கும் ஸ்டூடியோக்காரரின் பதிவுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு குறிப்புகளே. யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள், எந்தக் கதை என்று எழுதி வைத்த பதிவே நாளை பயன்படும்.

தேரோட்டமும் திசை மாறாமையும்

கொடைவிழா ஓரிடத்தில் நடப்பது. தேரோட்டம் நகர்ந்துகொண்டே இருப்பது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் ஆனித் திருவிழாவில் பெரிய தேரை மக்கள் வடம்பிடித்து நான்கு ரதவீதிகளிலும் இழுத்து வருவர். இத்தகைய விழாவில் புதியவர் செய்யும் பொதுவான தவறு, வீதியின் இருபுறமும் மாறி மாறி நின்று எடுப்பது.

தேர் கோயிலை வலம் வருவதால் கோயில் மதில் அதன் வலப்புறமும், வீடுகள் அதன் இடப்புறமும் இருக்கும். வீட்டு மாடியிலிருந்து எடுத்தால் படத்தில் தேர் வலமிருந்து இடமாக நகரும். மதில் பக்கம் போய் எடுத்தால் இடமிருந்து வலமாக நகரும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் தேர் வந்த வழியே திரும்பிப் போவது போலத் தோன்றும். இதனாலேயே ஒரு நகர்வின் ஒரே பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும் என்ற விதி திரைத்துறையில் உருவானது. பக்கம் மாற வேண்டியிருந்தால், இடையில் தேரை நேர் எதிரே நின்று எடுத்த காட்சி ஒன்றையோ, வடம் இழுப்போரின் கைகளையோ காட்டிவிட்டு மாறலாம்.

இடத் தேர்விலும் முன்னறிவு தேவை. தேர் வீதி முனையில் திரும்பும்போது சறுக்குக் கட்டைகளைச் சக்கரத்துக்கு முன் போட்டு வழிப்படுத்துவர். விழாவின் திறமையும் பதற்றமும் அங்கேதான் வெளிப்படும். முனையிலுள்ள மாடி ஒன்றை முன்தினமே கேட்டு வைத்தவர்க்கே அக்காட்சி கிடைக்கும். இப்போது ட்ரோன்கள் வந்துவிட்டன. வானிலிருந்து பார்க்கும் காட்சி, கூட்டத்தின் அளவைக் காட்டவல்லது. ஆனால் இந்தியாவில் 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ட்ரோன் விதிகளின்படி பதிவு, பறக்கத் தடைசெய்த பகுதிகள் முதலிய கட்டுப்பாடுகள் உண்டு. மக்கள் திரளின்மேல் பறக்கும் கருவி பழுதானால் விளையும் ஆபத்தையும் கருத வேண்டும். காவல்துறையிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முன்னரே இசைவு பெறுதல் இன்றியமையாதது.

பதிவு சாட்சியாகும்போது

தாமிரபரணிக் கரையில் நிகழ்வுப் பதிவின் பொறுப்பை உணர்த்திய நாள் 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி சென்றது. காவல்துறையின் தடியடியில் சிதறிய மக்கள் ஆற்றுக்குள் இறங்கினர். 17 பேர் உயிரிழந்தனர். பெண்களும் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் அவர்களில் அடங்குவர். இது குறித்து நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

அன்று ஒரு பேரணியைப் பதிவு செய்யத்தான் கேமராக்கள் வந்தன. அவை பதிவு செய்ததோ வேறு. ஆர். ஆர். சீனிவாசன் இயக்கிய 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் இந்நிகழ்வைப் பரவலாக அறியச் செய்தது. ஓடும் கூட்டத்தின் நடுவில் கேமராவை அணைக்காமல் வைத்திருந்தவர்களின் பதிவுகள் இல்லையென்றால், அந்நாள் சொற்களிலான வாதங்களாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இதிலிருந்து பெறும் நடைமுறைப் பாடங்கள் உள்ளன. அசாதாரணமான ஒன்று நிகழும்போது கேமராவை நிறுத்தி நிறுத்தி இயக்காமல் தொடர்ச்சியாக ஓட விட வேண்டும். துண்டுகளாக எடுத்தால் இடையில் நடந்தது என்ன என்ற கேள்வி எழும். கருவியின் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். மூலப்பதிவில் எதையும் வெட்டாமல், நகலில் மட்டுமே தொகுப்பு வேலை செய்ய வேண்டும். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான விதிகள் 2000-இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவாகச் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு இப்போது இதைக் கையாள்கிறது. பதிவோடு அது உருவான விதம் பற்றிய சான்றிதழும் கேட்கப்படுவதால், மூலப்பதிவைப் பாதுகாப்பது சட்டத்தின் பார்வையிலும் முக்கியமாகிறது.

இன்றைய கருவிகளுக்கும் பொருந்தும் அடிப்படை முறைகள்

2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கர விழா நடந்தபோது, ஆற்றங்கரைப் படித்துறைகளில் கூடியவர்களின் கைகளிலெல்லாம் கைபேசிகள் இருந்தன. இன்று கருவி அனைவரிடமும் உள்ளது. ஆயினும் கைபேசிப் பதிவுகளில் பெரும்பாலானவை ஒருமுறைக்குமேல் பார்க்கத் தக்கவையாக இல்லை. மேலே கண்ட வரலாற்றிலிருந்து திரண்ட கீழ்க்காணும் முறைகள் மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் உதவும்.

முன்தயாரிப்பு: நிகழ்ச்சி நிரலைப் பெற்று, தவறவிடக் கூடாத நொடிகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இடத்தை அதே நேரத்தில் முன்தினம் சென்று பார்த்தால் வெயில் எப்பக்கம் விழும் என்பது தெரியும். ஆற்றங்கரையில் மாலையில் மேற்கு நோக்கி எடுத்தால் முகங்கள் இருண்டுவிடும். விளக்கு வழிபாட்டுக்கு அதே திசை அழகாக அமையும்.

காட்சி அளவுகள்: ஒவ்வொரு கட்டத்திலும் முழு இடத்தைக் காட்டும் தூரக்காட்சி, ஆட்களைக் காட்டும் நடுக்காட்சி, கை அல்லது முகத்தைக் காட்டும் நெருக்கக்காட்சி ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து நொடியாவது அசைக்காமல் பிடித்தால் தொகுப்பு வேலை எளிதாகும்.

அசைவின்மை: முக்காலி சிறந்தது. அது இல்லாதபோது முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்து, சுவரிலோ தூணிலோ சாய்ந்து நிற்கலாம். ஜூம் செய்வதைவிட நடந்து அருகில் செல்வது நல்லது. தொலைக்காட்சியிலும் கணினியிலும் பார்க்க வேண்டிய பதிவுக்குக் கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.

விளக்கு மினுக்கல்: இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வீதம் மாறுவதால் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. நொடிக்கு 25 அல்லது 50 படம் என்ற வேகத்தையும், 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு நொடி என்ற ஷட்டர் அளவையும் தேர்ந்தெடுத்தால், படத்தில் ஓடும் கருங்கோடுகளைத் தவிர்க்கலாம்.

ஒலி: பார்வையாளர் சற்று மங்கிய படத்தைப் பொறுத்துக்கொள்வர், கேட்கவே முடியாத பேச்சைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். பேசுபவர்க்கு அருகே இரண்டாவது கைபேசி ஒன்றை ஒலிப்பதிவுக்கென வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிக்கொண்டால், பின்னர் இரண்டையும் பொருத்திவிடலாம். ஆற்றங்கரைக் காற்றுக்கு ஒலிவாங்கியின்மேல் பஞ்சுறை தேவை.

பதிவுகளைப் பாதுகாத்தல்

இத்துறையின் மிகப்பெரிய இழப்பு எடுக்கப்படாத காட்சிகளால் ஏற்பட்டதன்று; எடுத்தும் அழிந்தவற்றால் ஏற்பட்டது. 1980, 1990-களின் வி.எச்.எஸ். கேசட்டுகள் இப்போது பலர் வீட்டுப் பரண்களில் உள்ளன. ஈரக்காற்றில் நாடாவின்மேல் பூஞ்சை படர்கிறது, காந்தப்பூச்சு உதிர்கிறது. கேசட் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டக் கருவி கிடைப்பதில்லை. வி.சி.ஆர். தயாரிப்பில் கடைசியாக எஞ்சியிருந்த ஜப்பானிய ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களோடு ஆல்பங்களும் கேசட்டுகளும் வன்தட்டுகளும் நனைந்து அழியும். ஒரே வீட்டில் எத்தனை நகல் வைத்தாலும் பயனில்லை என்பதை இது காட்டுகிறது. மூன்று நகல்கள், இரண்டு வகையான சேமிப்பு ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வெளியூரில் என்பது ஆவணக் காப்பாளர்கள் கூறும் பொதுவிதி. வெளியூரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு வன்தட்டு இருப்பதும், இணையச் சேமிப்பகத்தில் ஒரு நகல் இருப்பதும் இதற்குப் போதும்.

நகல் எடுப்பதோடு பெயர்களையும் எழுத வேண்டும். பழைய கேசட்டை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது குடும்பத்தின் மூத்தவர்களை உடன் அமர்த்தி, திரையில் வருபவர் யார், பாடும் அண்ணாவி எந்த ஊர்க்காரர், கோயிலின் பழைய கட்டடம் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மூத்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யாவிட்டால், பதிவு எஞ்சினாலும் அதன் பொருள் எஞ்சாது.

இன்று மறைந்துவிட்ட வில்லுப்பாட்டுப் புலவர்கள், மகுடக் கலைஞர்கள் பலரின் குரலும் ஆட்டமும் எந்த நூலகத்திலும் இல்லை. யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் ஒரு கொடை இரவில் எடுத்த கேசட்டில் மட்டும் இருக்கக்கூடும். பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையில் தத்தம் ஊரில் இத்தகைய கேசட்டுகள் யார் யாரிடம் உள்ளன என்று ஒரு பட்டியல் தயாரித்தாலே, வட்டார வரலாற்றுக்கு அது பயனுள்ள தொடக்கமாக அமையும்.